மூச்சைத் தேடும் செப்புத் தகடு

2017 மே 18, வியாழக்கிழமை. வெள்ளவத்தை சார்ளிமன்ட் வீதியில், சவோய் தியேட்டருக்கு அண்மையில் நின்ற பல மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலியெடுத்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சரிவு சித்திரைப் புத்தாண்டு நாளில் நடந்தது. ஒன்றில் கொங்கிரீட், மற்றதில் நகரம் கொட்டிய கழிவு. இரண்டு இடத்திலும் ஓடி வந்தவர்கள் கேட்ட முதற் கேள்வி ஒன்றுதான்: உள்ளே உயிரோடு யாராவது இருக்கிறார்களா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட மனிதர் வைத்திருக்கும் வழிகள் சொற்பம். கூப்பிட்டுக் காது கொடுப்பது, மோப்ப நாய், துளைக்குள் விடும் கமெரா, சுவரில் தட்டும் ஒலியைப் பிடிக்கும் கருவி. நாய்க்கும் கமெராவுக்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஒலிக் கருவிக்கு உள்ளே இருப்பவர் தட்டவோ முனகவோ வேண்டும். மயங்கிக் கிடப்பவர் எதையும் செய்யமாட்டார், மூச்சு விடுவதைத் தவிர. அந்த மூச்சை மட்டும் நம்பி உருவானதுதான் நுண்ணலை உயிர்காண் கருவி. அதன் கணினியைப் பற்றியும் திரையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே சொல்லப்போவது அதன் முகத்தில் இருக்கும் செப்புத் துண்டின் கதை. அன்ரெனா இல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை.

செய்யவேண்டிய வேலையை முதலில் பார்ப்போம். மூச்சு விடும்போது நெஞ்சு அரைச் சென்ரிமீற்றரிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் வரை ஏறி இறங்கும். இதயத் துடிப்பால் தோல் அசைவது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு கிகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள அலையை அனுப்புகிறோம் என்று வையுங்கள். அதன் அலைநீளம் 30 சென்ரிமீற்றர். நெஞ்சு 5 மில்லிமீற்றர் உயர்ந்தால் அலை போய் வரும் தூரம் 10 மில்லிமீற்றர் குறையும். திரும்பி வரும் அலையின் அவத்தை 12 பாகை நகரும். இதயத் துடிப்பென்றால் ஏறத்தாழ ஒரு பாகைதான் நகரும். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்றியிருக்கும் கல்லும் கம்பியும் அலையைப் பன்மடங்கு பலமாகத் திருப்பியனுப்பும், ஆனால் அவை அசைவதில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை அசையும் ஒன்று அந்தக் குவியலுக்குள் இருந்தால் அது நுரையீரலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நுண்ணலை அன்ரெனாவின் பிறப்பிடம் நமக்கு அயலில்தான் இருக்கிறது. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு செய்முறை காட்டினார். அவர் அனுப்பிய அலைகள் சுவர்களை ஊடுருவிப் போய், 75 அடிக்கு அப்பால் ஒரு மணியை அடித்து, வெடிமருந்தையும் பற்றவைத்தன. வழியில் நின்ற லெப்டினன்ட் கவர்னர் மெக்கென்சியின் உடலையும் அவை கடந்தன. போஸ் பயன்படுத்திய அலைகளின் நீளம் மில்லிமீற்றர்க் கணக்கில் இருந்தது. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க அவர் செய்த உலோகக் கூம்பையும் குழாயையும் 1897 ஜனவரியில் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் காட்டினார். இன்றைய கொம்பு அன்ரெனாக்களின் மூதாதை அது. போஸின் கருவி மேசைமேல் அடங்கியது ஏன் என்று கேட்டால் பதில் எளிது: அலை சிறியது, ஆகவே அன்ரெனாவும் சிறியது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் இந்த ஒரு பொருத்தத்திலிருந்து கிளம்பியதுதான். இடிபாட்டைத் துளைக்கச் சிறிய அலை போதாது, பெரிய அலை வேண்டும். பெரிய அலைக்குப் பெரிய அன்ரெனா வேண்டும். பெரிய அன்ரெனாவைத் தூக்கிக்கொண்டு சரிந்த கட்டடத்தின் மேல் யார் ஏறுவது?

இரண்டாம் உலகப் போர் ராடரை வளர்த்தது. போர் முடிந்த சூட்டோடு அன்ரெனாவை எவ்வளவு சிறிதாக்கலாம் என்ற கேள்வியைக் கணிதத்தால் அடைத்தார்கள். 1947இல் பொறியியலாளர் ஹரோல்ட் வீலரும், 1948இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் லான் ஜென் சூவும் எழுதியவற்றின் சாரம் இது: அன்ரெனாவைச் சுற்றி ஒரு கோளத்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் ஆரை, அலைநீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குக் கீழே போனால், அன்ரெனா வேலை செய்யும் மீடிறன் வீச்சு வேகமாகச் சுருங்கத் தொடங்கும். எவ்வளவு கெட்டிக்காரப் பொறியியலாளர் வந்தாலும் இந்த வரியைக் கட்டித்தான் ஆகவேண்டும். சிறிய அளவு, அகன்ற வீச்சு, நல்ல செயற்றிறன் என்ற மூன்றையும் ஒன்றாகக் கேட்பவருக்கு இயற்கை கைவிரித்துவிடும்.

உயிரைத் தேட நுண்ணலையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மெதுவாகவே வந்தது. 1975இல் ஜேம்ஸ் லின் என்ற ஆய்வாளர், தொடாமலே சுவாசத்தை அளக்கலாம் என்று காட்டினார். 1986இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தின் குன்-மு சென்னும் அவரது குழுவினரும் 10 கிகாஹேர்ட்ஸ் கருவியொன்றை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 30 மீற்றர் தள்ளித் தரையில் கிடப்பவரின், அல்லது சுவருக்குப் பின்னால் இருப்பவரின் மூச்சையும் துடிப்பையும் அது பிடித்தது. போர்க்களத்தில் விழுந்து கிடப்பவன் உயிரோடு இருக்கிறானா என்று தூரத்திலிருந்தே அறிவது அன்றைய ஆராய்ச்சியாளர்களின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் 10 கிகாஹேர்ட்ஸ் என்றால் அலை மூன்றே சென்ரிமீற்றர். ஒரு சுவரைக் கடக்கும், ஒரு கட்டடத்தின் குவியலைக் கடக்காது. ஆகவே சென்னின் குழு கீழே இறங்கியது. 2000ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 450 மெகாஹேர்ட்ஸும் 1150 மெகாஹேர்ட்ஸும் தேர்வாயின.

அந்த இரண்டு எண்ணையும் கொழும்பில் வைத்துப் பார்த்தால் சுவையான ஒன்று தெரியவரும். சென் குழு கண்டது இதுதான்: கம்பி வலை பாவிய கொங்கிரீட் அடுக்குகளை 1150 இலகுவாகக் கடக்கிறது. வலையில்லாத இடிபாட்டில் 450 இன்னும் ஆழமாகப் போகக்கூடும்.

வெள்ளவத்தையின் காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் எழும்பியவை கொங்கிரீட் தொடர்மாடிகள். முற்றமும் மாமரமும் இருந்த தனி வீட்டுக் காணிகளில் இன்று ஐந்து, ஆறு, எட்டு மாடிகள் நிற்கின்றன. ஒவ்வொரு மாடித் தட்டுக்குள்ளும் கம்பி வலை. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி வழமையாக ஆறு அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர் அளவு. கண்ணியின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளமான அலை வலையில் பெரும்பாலும் மோதித் திரும்பும். 450 மெகாஹேர்ட்ஸின் அலை 67 சென்ரிமீற்றர், அதற்கு அந்தக் கண்ணி சுவர் மாதிரித்தான். 1150இன் அலை 26 சென்ரிமீற்றர், நுழைந்துவிடும். கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். அங்கும் புதிய மாடிகள் உண்டு. ஆனால் ஜம்பட்டா வீதியின் உட்புறத்திலும், பழைய தோட்டங்களிலும், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகளிலும் கம்பி குறைவு. சுண்ணாம்பும் செங்கலும் ஓடும் சரிந்து கிடக்கும் இடத்தில் நீண்ட அலைதான் ஆழம் பார்க்கும். ஒரே நகரம், நாலைந்து மைல் இடைவெளி, இரண்டு வகை அன்ரெனா. கட்டடக் கலையின் வரலாறு இப்படி ஒரு செப்புத் தகட்டின் அளவைத் தீர்மானிக்கும் என்று கட்டியவர்கள் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

இனி அந்தத் தகட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவின் இலத்திரனியல் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் செப்புப் பூசிய கண்ணாடி நார்ப் பலகை எடுத்துத் தருவார்கள். தடிப்பு 1.6 மில்லிமீற்றர். இரு பக்கமும் தலைமயிரை விட மெல்லிய செப்புப் படலம். ஒரு பக்கத்தை முழுதாக மறைத்து, மறுபக்கத்தில் ஒரு செவ்வகத்தை மட்டும் மறைத்து, பெரிக் குளோரைட் கரைசலில் போட்டு ஆட்டினால் மிச்சச் செம்பு கரைந்துபோகும். கரைசல் கையில் பட்டால் மஞ்சள் கறை நாட்கணக்கில் போகாது. எஞ்சிய செவ்வகம்தான் பட்டை அன்ரெனா. 1950களில் எண்ணமாக முளைத்து, 1970களில் ஏவுகணையின் வளைந்த உடலில் ஒட்டும் அளவுக்கு வளர்ந்த வகை இது.

1150 மெகாஹேர்ட்ஸில் அலையின் பாதி 13 சென்ரிமீற்றர். ஆனால் அலை அந்த நார்ப் பலகைக்குள் மெதுவாகப் போவதால் அதே வேலைக்கு ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பட்டை போதும். பாதிக்குப் பாதி இலாபம். இன்னும் குறுக்க ஆசைப்பட்டால் செம்பில் மெல்லிய பிளவுகளை வெட்டுவார்கள். மின்னோட்டம் நேரே போகமுடியாமல் பிளவைச் சுற்றி நடக்கும், சிறிய தகட்டுக்குள் நீண்ட பாதை கிடைக்கும். ஒரு மில்லிமீற்றர் வெட்டுக்கு இசைவு மீடிறன் சில மெகாஹேர்ட்ஸ் நகர்ந்துவிடும். கணினியில் வரைந்து, அச்சிட்டு, இணைப்பியைப் பற்றவைத்து, அளவுமானியில் பூட்டிப் பார்த்தால், வளைகோட்டின் பள்ளம் வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் இப்பாலோ அப்பாலோ விழுந்திருக்கும். பிறகு பிளேட் கத்தியால் ஓரத்தைச் சுரண்டுவதுதான் வேலை. கூடச் சுரண்டினால் திருப்பி ஒட்டமுடியாது, புதுப் பலகை எடுக்கவேண்டியதுதான்.

மடித்துச் சிறிதாக்கும் கலைக்குள் ஒரு வாடகை வீட்டுக் கதையும் உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்க வானியலாளர் நேதன் கோயன், பொஸ்டனில் தான் குடியிருந்த மாடி வீட்டில் வானொலி அன்ரெனா வைக்க வீட்டுக்காரர் தடை சொன்னதால், ஒரே வடிவம் தனக்குள் மீண்டும் மீண்டும் மடிந்து வரும் பின்ன வடிவத்தில் கம்பியை வளைத்தார். சிறிய இடத்துக்குள் அடங்கியும் அன்ரெனா வேலை செய்தது. தொடர்மாடி நிர்வாகக் குழுவின் தடைகளை அறிந்த வெள்ளவத்தைக்காரருக்கு இந்தக் கண்டுபிடிப்பின் ஊற்றை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

சரி, சிறிதாக்கியாயிற்று. சூ கேட்ட வரி எங்கே வந்து நிற்கிறது? இப்படி மெல்லிய பலகையில் செய்த பட்டைக்கு வேலை செய்யும் வீச்சு ஒரு வீதம், மிஞ்சினால் இரண்டு வீதம். 1150இல் ஒரு வீதம் என்றால் பத்துப் பன்னிரண்டு மெகாஹேர்ட்ஸ். யாரோ மூச்சு விடுகிறார் என்று சொல்ல அது போதும். எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லப் போதாது. பத்து மெகாஹேர்ட்ஸ் வீச்சோடு தூரத்தைப் பிரித்தறிய முயன்றால் கிடைக்கும் நுட்பம் 15 மீற்றர். அதாவது கட்டடத்தின் மேலா கீழா என்றுகூடத் தெரியாது. 15 சென்ரிமீற்றர் நுட்பம் வேண்டுமென்றால் ஒரு கிகாஹேர்ட்ஸ் அகல வீச்சு வேண்டும். எந்தத் தட்டை வெட்டுவது, எங்கே பெக்கோவை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

அகல வீச்சு தரும் வடிவம் ஏற்கனவே இருந்தது. பிரித்தானியாவில் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பீற்றர் கிப்சன் 1979இல் அறிமுகப்படுத்திய விவால்டி அன்ரெனா அது. செம்பில் ஒரு மெல்லிய பிளவு தொடங்கி, நாதஸ்வரத்தின் அணசு விரிவதுபோல் மெல்ல மெல்ல அகன்று வாய் திறக்கும். குறுகிய இடத்தில் சிறிய அலை வெளியேறும், அகன்ற இடத்தில் பெரிய அலை. எல்லாவற்றுக்கும் ஒரே தகடு. இடர் அந்த வாயில்தான் இருக்கிறது. மிகத் தாழ்ந்த மீடிறனின் அரை அலைநீளத்துக்காவது வாய் திறக்காவிட்டால் அந்த மீடிறன் வெளியே வராது. ஆகவே கடந்த இருபது ஆண்டுகளில் இத்துறையில் வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி விவால்டியின் ஓரங்களைப் பல் பல்லாக வெட்டுவதிலும், முதுகில் குழி வைப்பதிலும், முன்னால் ஒரு மின்காப்புத் துண்டை ஒட்டுவதிலும் கழிந்திருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் சில மில்லிமீற்றரை மிச்சம் பிடிக்கும்.

இந்த ஆய்வுகள் பலவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அன்ரெனாவை நீலக் கூம்புகள் பதித்த அமைதியான அறைக்குள் வைத்து அளக்கிறார்கள். எங்கும் எதிரொலி இல்லை, ஈரம் இல்லை, எதிரே கல்லும் இல்லை. வளைகோடு அழகாக வரும். அதையே கொண்டுபோய் மழையில் நனைந்த கொங்கிரீட் மேல் வைத்தால் கதை மாறும். உலர்ந்த கொங்கிரீட் அலையின் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும், நீரோ ஒன்பதில் ஒன்றாக்கிவிடும். ஈரக் கல் அருகே வந்ததும் அன்ரெனாவின் இசைவு மீடிறன் கீழே சரியும். வீச்சே ஒரு வீதம்தான் என்றிருக்க, சரிவு ஐந்து வீதம் என்றால் அந்தப் பட்டை செவிடு. 2017இல் வெள்ளவத்தைக் கட்டடம் விழுந்தது மே நடுவில், தென்மேல் பருவமழை தொடங்கும் பருவத்தில். கொழும்புக்கு வேண்டிய அன்ரெனா உலர்ந்த அறையில் முதல் மதிப்பெண் வாங்கிய ஒன்றல்ல, ஈரத்தில் தேர்ந்த ஒன்று. செம்புக்கும் பலகைக்கும் நடுவே காற்றிடைவெளி விட்டு, முகத்துக்கும் கல்லுக்கும் இடையே நுரைத்தட்டு வைத்து, கொஞ்சம் தடிப்பாகச் செய்யவேண்டி வரும். சிறியதாக்கும் போட்டியில் அது இரண்டாமிடம் வரலாம், பரவாயில்லை.

சிறிய அன்ரெனாவுக்கு இன்னொரு கெட்ட பழக்கம். அது முன்னால் மட்டும் பார்க்காது. முதுகுப் பக்கமாகவும் அலை கசியும். அப்போது கருவியை இயக்குகிறவரின் மூச்சே திரையில் வந்து நிற்கும். உள்ளே யாரோ நிமிடத்துக்குப் பதினெட்டுத் தடவை மூச்சு விடுகிறார் என்று கருவி சொல்ல, அது பின்னால் நின்று களைப்பில் மூச்சு வாங்கும் சிப்பாயாக இருக்கலாம். அதனால்தான் அன்ரெனாவுக்கு உலோக முதுகு போடுகிறார்கள், இயக்குகிறவரைத் தள்ளிப் போய் நிற்கச் சொல்கிறார்கள். சர்வதேச தேடல் மீட்பு ஆலோசனைக் குழுவின் விதிப்படி, மூன்று செக்கன் நீளும் ஒற்றை விசில் ஊதினால் எல்லா வேலையும் நின்று அமைதி நிலவவேண்டும். ஒரு நீள விசிலும் ஒரு குறு விசிலும் கேட்டால் வேலை தொடரலாம். மூன்று குறு விசில் என்றால் எல்லோரும் வெளியேற வேண்டும். ஒலிக் கருவிக்கு வாய் மூடி நின்றால் போதும். நுண்ணலைக் கருவிக்கு உடலும் அசையாமல் நிற்கவேண்டும். ஓரத்தில் பொலித்தீன் காற்றில் ஆடினாலும் அதற்குச் சந்தேகம் வரும்.

இந்தப் பொருள் ஆய்வுகூடத்தை விட்டு உண்மையான இடிபாட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கியது நேபாளத்தில். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடமும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமும் சேர்ந்து உருவாக்கி 2013இல் காட்டிய ஃபைண்டர் என்னும் கருவி ஒரு பயணப் பெட்டிக்குள் அடங்கியது. அனுப்பும் ஆற்றல் கைத்தொலைபேசியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. தூர விண்கலங்களின் மெல்லிய சைகையைப் பிரித்தெடுக்கும் அனுபவம் அதற்குக் கைகொடுத்தது. குவிந்த இடிபாட்டில் 30 அடி, திண்மக் கொங்கிரீட்டில் 20 அடி வரை துடிப்பைப் பிடிக்கும் என்று சோதனைகளின்பின் அறிவித்தார்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தின்பின் இரண்டு மாதிரிக் கருவிகள் நேபாளம் போயின. சிந்துபால்சோக் மாவட்டத்தின் சௌதாரா கிராமத்தில், இரண்டு வேறு வேறு கட்டடங்களின் அடியில், பத்தடி வரையான செங்கல், மண், மரக் குவியலுக்குள் நாட்கணக்காகச் சிக்கியிருந்த நான்கு ஆண்களின் துடிப்பை அவை காட்டிக்கொடுத்தன. நால்வரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

செங்கல், மண், மரம் என்ற மூன்று சொல்லையும் கவனியுங்கள். சௌதாராவின் வீடுகள் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளுக்கு உறவு, வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அல்ல. தொடர்மாடிக்கு நெருங்கிய உதாரணம் சென்னையில் கிடைக்கும். 2014 ஜூன் 28 மாலை, மழைக்கிடையே, மௌலிவாக்கத்தில் கட்டிமுடியாத 11 மாடிக் கட்டடம் நொடியில் அமர்ந்தது. 61 பேர் இறந்தார்கள். மூன்று நாளுக்குப் பிறகும் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். தட்டுமேல் தட்டாக அமர்ந்த கொங்கிரீட்டுக்குள்ளும் தூணோரத்தில், படிக்கட்டடியில், ஓர் ஆள் கிடக்கும் வெற்றிடம் எஞ்சும். அந்த வெற்றிடத்தை நம்பித்தான் இந்த முயற்சியெல்லாம்.

இந்தக் கருவிக்கு மறுமுகமும் உண்டு. அதைச் சொல்லாமல் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் பற்றி எழுதுவது நேர்மையாகாது. சுவருக்கு வெளியே பிடித்தால் உள்ளே மூச்சு விடும் ஆள் இருக்கிறாரா என்று சொல்லும் கைக்கருவிகள் அமெரிக்காவில் குறைந்தது 50 சட்ட அமலாக்க அமைப்புகளிடம் இருப்பதாக 2015 ஜனவரியில் செய்தி வெளியானது. வீட்டுக்குள் ராடரால் பார்ப்பது தேடுதலுக்குச் சமமில்லையா என்று அங்கே நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. 2007 ஜூன் 7 அதிகாலை, இந்த இரு பகுதிகளின் விடுதிகளிலும் புறக்கோட்டையிலும் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழர்களை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது மூச்சை அடக்கியிருந்த தலைமுறை இன்னும் அந்த வீடுகளில் வாழ்கிறது. மூச்சைக் காட்டிக்கொடுக்கும் கருவியொன்றைப் பற்றி அவர்களிடம் பேசும்போது மீட்பு என்ற சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நகரமுடியாது. யார் கையில் இருக்கவேண்டும், எப்போது எடுக்கலாம் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தீயணைப்புப் படையிடமும் அனர்த்த மீட்புப் பிரிவிடமும் இருக்கட்டும், தேடுதல் நடத்துகிறவர்களிடம் வேண்டாம். என் நிலைப்பாடு இதுதான்.

கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் மனிதரை உயிரோடு புதைப்பதில் முதலிடம் மண்சரிவுக்கு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்து, வெள்ளமும் சேர்ந்து 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நனைந்த களிமண்ணுக்குள் நுண்ணலை சில பத்துச் சென்ரிமீற்றருக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அங்கே வெற்றிடமும் அரிது. எவ்வளவு அருமையான அன்ரெனாவும் மீரியபெத்தையில் பெரிதாக உதவியிருக்காது. அங்கே உதவுவது மழைமானியும் முன்னெச்சரிக்கையும் லயனை விட்டு வெளியேற இன்னொரு கூரையும்தான். கருவி விற்க வருகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் கேட்கவேண்டும்.

கொழும்பு மாடிகளுக்கோ இது பொருந்தும். டித்வாவின்போது இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் இடிபாட்டில் உயிரோடு மீட்கப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் முதல் நாளிலேயே மீட்கப்படுகிறார்கள். எந்த விமானமும் பக்கத்து வீதியில் நிற்கும் தீயணைப்பு வண்டியை முந்தாது. சிறிய அன்ரெனாவின் உண்மையான பெறுமதி இங்கேதான்: அது வண்டியில் ஒரு மூலையில் கிடக்கும், ஒருவர் தோளில் மாட்டி ஏறுவார். வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறினால் கட்டுபெத்தையில் இறங்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் ஆதர் சி. கிளார்க் நிறுவனமும் அங்கே இருக்கின்றன. உலகெங்கும் இறுதியாண்டு மாணவர்கள் இத்தகைய அன்ரெனாக்களை வடிவமைத்து, கட்டுரை எழுதி, புள்ளி வாங்கி, அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உடைத்த வீட்டின் குவியலொன்றை மழையில் நனையவிட்டு அதன் மேல் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னால் அந்தச் செயற்றிட்டத்துக்கு ஒரு பயன் பிறக்கும். இடித்துக் கட்டும் வேலை ஓயாத இந்த நகரத்தில் குவியலுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக, தொடர்மாடி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்ரெனாவை எந்தத் தட்டின் மேல் முதலில் வைப்பது என்று கருவி சொல்லாது, மனிதர்தான் சொல்லவேண்டும். உங்கள் கட்டடத்தின் மாடி வரைபடத்தில் படிக்கட்டு, லிப்ட், ஒவ்வொரு வீட்டிலும் வழமையாக எத்தனை பேர் என்பதைக் குறித்து, ஒரு பிரதியை வாசல் வாட்சரிடமும் இன்னொன்றைக் கட்டடத்துக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்திலும் வையுங்கள். குடியிருப்போர் பட்டியல் என்றாலே பொலிஸ் படிவம் நினைவுக்கு வரும் ஊர் இது. ஆகவே பெயர் எழுதவேண்டாம், அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117, தீயணைப்புப் படைக்கு 110. இரண்டையும் அந்தத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.